பெட்டிக்குள் இருந்த கவிதை

"யார் எடுத்துக் கொடுத்தது? அதை மட்டும் சொல்லுங்க!"

கவிஞர் ஹிரண்மய் மேசையில் குத்திய குத்தில் தேநீர்க் குவளை குதித்தது.

'காஞ்சொறி' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அகோர் பாபு அசரவில்லை. சனிக்கிழமைதோறும் கல்கத்தாக் கவிஞர் ஒருவரின் தோலை உரிப்பது அவர் தொழில். முதலில் கவிதையை முழுசாகப் போடுவார். கீழே கிழிகிழியென்று கிழிப்பார். மூன்று வாரமாக ஹிரண்மய் மாட்டியிருக்கிறார்.

"திட்டினது வலிக்குதா?"

"அது பழகிடுச்சு! ஆனா இந்த மூணும் எங்கேயும் அச்சாகாத கவிதை. எல்லாப் பத்திரிகையும் திருப்பியனுப்பி, என் வீட்டுப் பெட்டியில பூட்டிக் கிடந்தது. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"கொடுத்தவங்க பேரை நாங்க சொல்றதில்லை. பொரி சாப்பிடுங்க, கவிஞரே."

"பரேஷ்தானே? வாரம் தவறாம எங்க வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டு, துரோகி! இனிமே அவன் சகவாசமே வேண்டாம். எழுதுறதும் வேண்டாம், போங்க!"

டிராமில் ஏறி உட்கார்ந்தார். முன்இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் கையில் 'காஞ்சொறி'. அவர் கவிதையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா சிரிங்கப்பா!" என்று சீறினார்.

"சிரிக்கிறதா? கீழே இருக்கிற வசவை யார் படிக்கிறாங்க? கவிதை பிரமாதம் அண்ணா. யாரு இந்த ஆளு, உங்களுக்குத் தெரியுமா?"

ஹிரண்மய் சட்டென்று எழுந்தார். தன் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி தருபாலா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தரு, பரேஷ் வந்தா கதவைத் திறக்காதே. பெட்டியைத் திறந்தவன் அவன்தான்."

"பாவம், அவரை ஏன் வையறீங்க? பெட்டிச் சாவி எங்கே இருக்கு?"

எங்கே இருக்கும்? எல்லா வங்காளி வீட்டிலும் இருக்கும் இடத்தில்தான். அவள் முந்தானை முடிச்சில் சாவிக்கொத்து தொங்கியது. கவிஞர் அதையே வெறித்துப் பார்த்தார்.

"நீயா? என் எதிரிகிட்டயா கொடுத்தே?"

"எங்க அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பினேன்."

"ஏன் தரு?"

தருபாலா முந்தானையைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். சாவிகள் குலுங்கின.

"போன வருஷம் உங்க சிநேகிதர் பரேஷ் உங்களைப் புகழ்ந்து கட்டுரை எழுதினாரே, உங்க கவிதையில எத்தனை வரி போட்டார்? நாலு. திட்டுறவர்தாங்க முழுசாப் போடுறார்!"