மூன்றாவது ஆறு

இந்த ஆறும் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டால், மகள் காரை விட்டு இறங்கப்போவதில்லை.

மகளுக்குப் பத்து வயது. லாரி டியூபில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போன கதையை அவள் வகுப்பில் பாதிப் பேர் சொல்லி முடித்தாயிற்று. மூன்று கோடை விடுமுறையாக "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று தள்ளிக்கொண்டே வந்த அப்பாவிடம் இந்த முறை அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. இன்றைக்கும் இல்லையென்றால் இனிமேல் எதுவுமே கேட்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அதுதான் அம்மாவை உறுத்தியது. கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டியூபுகளைக் கொடுத்த பஞ்சர் கடைக்காரர் நல்ல மனிதர். ஆறு தெரிந்த கைடு ஒருத்தர் இருக்கிறார், கூட அனுப்பட்டுமா என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கணவர் வேண்டாம் என்று காரில் ஏறிவிட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துப் பார்த்து, தன் கண்ணுக்குத் தப்பியது உலகத்தில் எதுவுமில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது மனுஷனுக்கு என்று மனைவி நொந்துகொண்டாள்.

முதல் ஆறு முழங்கால் ஆழம்தான். நடுவில் ஒரு சின்னக் கிளை நீருக்கு மேல் தலையாட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. அவர் அதையே பார்த்தார். அடியில் முழு மரமே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

இரண்டாவது ஆற்றில் கிளைகூட இல்லை. நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். அதற்கும் அதே கதை. அப்பாவுக்குத் தண்ணி என்றால் பயமா என்று சின்னவன் கேட்டேவிட்டான்.

ஆமாண்டா என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஆற்றில்தான் அவளுக்குத் திக்கென்றது. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நீச்சல்குளத்தின் ஓரத்தில்கூட நிற்காத மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பளவு நீரில் இறங்கினார். நீர் வரும் பக்கம் பார்த்து, உடம்பைச் சாய்த்து, ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுத்தார். இன்றைக்குப் பழகிய நடை அல்ல அது.

நீளக் குச்சியால் அடியைத் துழாவினார். ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது போகும் வேகத்துக்கே கரையில் நடந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. யாரோடு பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வளைவு தாண்டி மறைந்தவர் அரைமணி கழித்துத் தெரிந்தார். தூரத்திலிருந்தே கையை உயர்த்தினார். போகலாம்.

மகள் காரை விட்டுக் குதித்தாள்.

அவர் வந்து சேர்வதற்குள் நம் பங்குக்கு ஒரு வேலையை முடிப்போம் என்று அம்மா டிக்கியிலிருந்த நைலான் கயிற்றை எடுத்தாள். பார்சல் அலுவலகத்தில் கட்டுக் கட்டுகிறவள். அவள் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடக்கூடாது. நான்கு டியூபையும் ஒன்றோடொன்று பிணைத்தாள். பிள்ளைகள் இடுப்பிலும் ஒரு சுற்று சுற்றி, நன்றாக இறுக்கினாள்.

இரண்டும் ஏறி உட்கார்ந்து, கரையோரத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் பார்த்தார். ஓடிவந்தார்.

"கயிறை அவுத்து விடு."

பிள்ளைகள் முன்னால் அவர் அவளை இப்படி அதட்டியதே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. கைடு வந்திருந்தா முதல்ல இதைத்தான் செஞ்சிருப்பான்."

"செஞ்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி கைடா இருந்தேன். அஞ்சு பேரு. பிரிஞ்சு போயிடக்கூடாதுன்னு நான்தான் சேர்த்துக் கட்டினேன். ஒரு பொண்ணோட டியூப் மரத்துல மாட்டுச்சு. கயிறு மத்த நாலு பேரையும் விடல."

அவர் குனிந்து முடிச்சைத் தொட்டார். அதற்குள் விரல் நுழையவில்லை.

அவள் தண்ணீரில் மண்டியிட்டாள். நனைந்த கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.