மூன்றாவது ஓட்டம்

தாரணி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அதே வரிதான். எத்தனை முறை படித்தால் என்ன, அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

சரவணம்பட்டியில் அவர்களுடைய அலுவலகம் நூற்பாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. ஆளாளுக்கு எழுதியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டித் தருவதற்குப் பெயர் பில்டு. அங்கே அது நாற்பது நிமிடம் எடுக்கும். ஒரு கமாவைத் திருத்தினாலும் நாற்பது நிமிடம். "பில்டு போட்டிருக்கேன்" என்று ஒருவன் சொன்னால் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்.

அந்தப் பழைய பில்டுக்குப் பதிலாக அவள் புதியது ஒன்றைக் கட்டினாள். ஐந்து மாதம். ஞாயிறு பார்க்கவில்லை, தீபாவளி பார்க்கவில்லை. ஆறு நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

மேலாளர் குருபரன் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டுக் காட்டு, ஜெயித்தால் உன் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, அவள் வீட்டுக்குப் போகலாம். இன்று மத்தியானம் கூட்டம்.

ஜெயித்தும் ஆகிவிட்டது. நாற்பதுக்கு ஆறு.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! எந்த அமைப்பில் ஓட்டினோம் என்று கூட்டத்துக்கான ஒப்பீட்டுப் பட்டியலின் ஓரத்தில் எழுதிவைப்போம் என்று, பழைய பில்டைத் தொடங்கிவைக்கிற சின்னக் கோப்பைத் திறந்தாள். வருஷக்கணக்காக எல்லோரும் அந்தப் பில்டை வாய் ஓயாமல் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தரும் இதைத் திறந்து பார்த்ததில்லை.

கணினிக்குப் பதினாறு கை, ஒரே நேரத்தில் பதினாறு வேலை பார்க்கும். அந்த வரி பதினைந்தைக் கட்டிப்போட்டிருந்தது.

எந்தப் புண்ணியவானோ எந்தக் காலத்திலோ ஒரு கோளாறைத் தேடுவதற்காகக் கட்டியிருக்கிறான். அவிழ்க்க மறந்துவிட்டுப் போய்விட்டான்.

அடப்பாவி!

வரியை எடுத்தாள். தன் கணினியில் பழையதை மறுபடி ஓட்டினாள்.

ஓடும்போதே வேண்டிக்கொண்டாள். மெதுவா ஓடு சாமி, மெதுவா ஓடு. பில்டு மெதுவாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அவளாகத்தான் இருக்கும்.

எட்டு நிமிடம்.

எட்டுக்கு ஆறு. போயும் போயும் இரண்டு நிமிடத்துக்காக, ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு எவன் புதியதை உள்ளே விடுவான்?



பக்கத்து இருக்கை நவ்ஷாத் எட்டிப் பார்த்தான். திரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"தாரணி, நீ இதைப் பாக்கவே இல்ல. நானும் பாக்கல."

அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

யாருக்கு என்ன நஷ்டம்? புதியது வேகம்தான். நாற்பது நிமிடம் ஓடியதும் நிஜம்தான். பொய் என்று ஒரு எண்ணைக் காட்ட முடியாது.

ஆனால் கட்டிப்போட்டவனோடு பந்தயம் ஓடி, ஜெயித்தேன் என்று மாலை போட்டுக்கொள்ளவா?

டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடினாள்.

கூட்டத்துக்கு நேரமானது. குருபரனின் அறைக்குள் அவள் கொண்டுபோன பட்டியலில் இரண்டு வரிசை இல்லை, மூன்று இருந்தது.

வரியை எடுத்தபின் பழையது எட்டு நிமிடம் என்றிருந்த மூன்றாவது வரிசையில் குருபரன் விரலை வைத்தார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாப்பது நிமிஷம் ஆறாயிருச்சுன்னு மேல சொல்லியாச்சு தாரணி." குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த வரிசையை எடுத்துடு. அந்த வரியை இருந்த இடத்துலயே போட்டுடு. அடுத்த வாரம் உன்னோடது உள்ள போயிரும், உன் வேலையும் உறுதியாயிரும். அப்புறம் பழசு எப்படி ஓடுனா யாருக்கென்ன?"

அவள் பட்டியலை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

அந்த வேலை அவளுக்கு வேண்டும். ஐந்து மாதமும் அந்த ஆசையில்தான் விடிந்தது.

"திருப்பிப் போட முடியாதுங்க சார்."

"ஏன்?"

"அந்த வரியை எல்லாருக்குமே எடுத்துட்டேனுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன், "டேய், அதுக்குள்ள முடிஞ்சிருச்சுடா!" என்று கத்தினான். டீக்கு எழுந்தவர்கள் பாதி வழியில் திரும்பி அவன் திரைக்கு ஓடினார்கள். கூட்டம் கூடிவிட்டது.

குருபரன் அவர்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

பட்டியலை எடுத்து மடித்தாள். மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நானும் சரின்னு தலையாட்டியிருப்பேனுங்க சார்."