கழித்தல் குறி

ஆனந்திக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. கன்னிவாடியில் பொம்மையன் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் இணையதளத்தைப் பதினோரு மணிக்கு அவரிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால்தான் திண்டுக்கல்லில் அவள் தொடங்கிய தொழிலுக்கு முதல் வேலை கிடைக்கும்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையோடு மண்டபத்தின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் தட்டினால், தளத்துக்கு வேண்டிய கோப்புகளையெல்லாம் ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளே எழுதிவிடும். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மட்டும், 'மாற்றவா?' என்று கேட்கும். காலி ஃபோல்டரில் கேட்கவே கூடாது. இது கேட்டது. நான்கு முறை ஃபோல்டரை அழித்துப் புதிதாகப் போட்டாள். கடைசியில் வேறு கணினியிலும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் கேட்டது.

"சனியனே, ஒண்ணுமே இல்லாத இடத்துல எதை மாத்துவ?" என்று திட்டிக்கொண்டே, இருக்கும் கோப்புக்கும் புதிதாக வரப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டச் சொன்னாள். போகும் வரிக்குக் கழித்தல் குறி போடும், வரும் வரிக்குக் கூட்டல் குறி போடும்.

– தொடர்புக்கு: பொம்மையன்
+ தொடர்புக்கு: பாண்டிச்செல்வி

பாண்டிச்செல்வி என்ற பெயரை அவள் தட்டவே இல்லை. அது யாரென்றும் தெரியாது.

தளத்தைப் பார்க்க வந்து அவள் பின்னால் நின்ற பொம்மையன் சிரித்தார். "ஏம்மா, நான் இருக்கயில எம்பொஞ்சாதி பேரு எதுக்கு? அவ போனையே தொடமாட்டா."

ஆனந்தி 'வேண்டாம்' என்று தட்டினாள். அதே கேள்வி, பொம்மையன் பெயருக்கு முன்னால் அதே கழித்தல் குறியோடு, மறுபடி வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது.

பொம்மையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவாப் பண்ணும்மா. எனக்கென்ன அவசரம்?"