குருவம்மாள் உதவித்தொகை

"உங்க பொண்ணுக்கு இந்தப் பணம் கிடைக்காதும்மா. மன்னிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு ராஜபாண்டியன் விண்ணப்பத்தை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினார். மனசு கேட்கத்தான் இல்லை. காலையிலிருந்து நேர்காணலுக்கு வந்த பதினாலு பிள்ளைகளில், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல் பேசியவள் இந்த வேல்விழி ஒருத்திதான். பேரிடர் மேலாண்மையில் எம்.எஸ்சி. முதல் வருஷம் முடித்திருந்தாள். அடுத்த வருஷத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை, இது கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் விட்டாள்.

"மார்க் பத்தலையா சார்?"

"மார்க்குக்கு என்ன குறைச்சல்? விதிதான் பாப்பா இடிக்குது. பட்டாசு விபத்துல அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகளுக்குத்தான் இது. உங்கப்பா மஞ்சக்காமாலையில தவறிட்டாருன்னு போட்டிருக்கு. அம்மா தங்கத்தாய் இந்தா உன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காக. நூறு வருஷம் இருக்கட்டும்."

"அது முன்னுரிமைதான்னு நினைச்சிட்டேன் சார்." வேல்விழியின் குரல் இறங்கிவிட்டது.

விதி என்று வந்துவிட்டால் ராஜபாண்டியன் பெற்ற மகனுக்கே வளைந்து கொடுக்க மாட்டார். அந்த விதியை எழுதியவரும் அவர்தான். அறக்கட்டளை ஆரம்பித்த நாளிலிருந்து செயலாளர் அவரே.

அதுவரை தலை குனிந்திருந்த அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். "குருவம்மான்னு பேரு போட்டிருக்கீகளே, அது எதுக்குய்யா?"

"அது பெரிய கதைம்மா. இருபது வருஷம் ஆச்சு. எம். புதுப்பட்டி ரோட்டுல நம்ம பட்டாசுக் கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. தீபாவளி சீசன். மருந்து ரூம்ல தீப்பிடிச்சு எட்டுப் பேர் போயிட்டாக. ஏழு குடும்பத்துக்கு நஷ்ட ஈடு குடுத்தோம். குருவம்மாளுக்கு மட்டும் சொந்தம்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆள் வரல. ஒரு போட்டோ கூட கிடைக்கல. அவ பங்குப் பணம் பேங்க்ல சும்மா கிடந்துச்சு. இந்த ஊர்ல நாலு பிள்ளைக இந்தப் படிப்பு படிச்சா நாளைக்கு நாலு உசுரு மிஞ்சுமேன்னு, நான்தான் முதலாளிகிட்ட சொல்லி இதை ஆரம்பிச்சேன்."

"அன்னைக்கு நீங்க அங்கதான் இருந்தீகளாய்யா?"

"போர்மேனே நான்தானம்மா." ராஜபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த எட்டுப் பேரை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. "உடம்பை வச்சு அடையாளம் சொல்லுற மாதிரி ஒண்ணும் மிஞ்சல. என் அட்டெண்டன்ஸ் நோட்டை வச்சுத்தான் இன்னார் இன்னார்னு போலீஸ்ல சொன்னேன். காலையில பேர் கூப்பிட்டு டிக் போட்டு உள்ள அனுப்புனது நான்தானே."

"நானும் என் ப்ராஜெக்ட்ல அதைத்தான் சார் எழுதியிருக்கேன்," என்றாள் வேல்விழி. "உள்ள யார் யார் இருக்காங்கன்னு வெளிய ஒரு கணக்கு இருக்கணும். இல்லைன்னா யாரைத் தேடுறதுன்னே தெரியாது."

இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அவர் விண்ணப்பத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துப் புரட்டினார்.

"வேலு, ரேஷன் கார்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாத்தா," என்றாள் அந்த அம்மா.

"அதான் கிடைக்காதுன்னுட்டாரேம்மா. இனிமே எதுக்கு?"

"போயிட்டு வா."

மகள் வெளியே போனதும் அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"எழுதிக்கோங்கய்யா. இதைப் பெத்தவ வெடியிலதான் செத்தா. நான் வளர்த்தவதான். அப்பனும் முன்னாடியே போயிட்டதால, நாதியத்த பிள்ளையை ரெண்டு வயசுல தூக்கிட்டுத் திருப்பூர் போனவ. பிள்ளைக்கு இது தெரியாது. அது காதுல மட்டும் போட்டுராதீக."

ராஜபாண்டியனுக்குக் கோபம் வந்தது. "பணத்துக்காகப் பெத்த பிள்ளையையே இல்லைன்னு சொல்லாதீகம்மா. பாவம்."

"சத்தியமாச் சொல்றேன்யா. என் வயித்துல பொறக்கல. இருபது வருஷம் அம்மான்னு அது கூப்பிடுற ஒரு வார்த்தைக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அது படிப்புக்காகத் திறக்கிறேன்." அவளுக்குக் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்கவில்லை.

"சரி. எந்தக் கம்பெனியில செத்தாக?"

"உங்க கம்பெனியிலதான். அந்த எட்டுப் பேர்ல ஒருத்தி."

"பேரு?"

"தங்கத்தாய்."

"அது உங்க பேரு."

"அது அவ பேருய்யா. பிள்ளையோட பொறந்த சர்டிபிகேட்டுல அம்மா பேருன்னு இருந்தது அது. அதான் நான் எடுத்துக்கிட்டேன்."

ராஜபாண்டியன் எழுந்தே விட்டார். "இங்க பாருங்கம்மா, எட்டுப் பேரும் எனக்கு மனப்பாடம். அதுல தங்கத்தாய்னு யாரும் கிடையாது. மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு வரிசையா நிப்பாக. நான் ஒவ்வொரு பேராக் கூப்பிடுவேன். கூப்பிட்ட பேருக்கு ஆள் குரல் குடுத்தாத்தான் டிக் போடுவேன். அந்த எட்டுப் பேருக்கும் குரல் வந்துச்சு. என் நோட்டு தப்பாகாது."

"குரல் வந்துச்சுய்யா. நான் இல்லைங்கல." அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சீசன்ல ஒரு நாள் போகலைன்னாலும் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவீகன்னு, பக்கத்து வீட்டுல இருந்த அவளை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி என் பேருக்குக் குரல் குடுக்கச் சொல்லி அனுப்பிட்டு, காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன். குருவம்மா நான்தான்யா."