கையுறை

"கைக்கு...?"

மறுபடியும் அதே பெண் குரல், காதோரத்தில். சுபாஸ்ரீ அளவு பார்க்கப் போட்டிருந்த கம்பளிக் கோட்டை அவசரமாகக் கழற்றிக் கட்டிலில் வீசினாள். சிகந்திராபாத்தை அடுத்த ஹப்சிகுடாவில் வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை.

கோட்டைப் போட்டால்தான் கேட்கிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒற்றைக் கையுறை கிடந்தது. அதன் ஜோடியைக் காணோம்.

'அட, குளிருக்குக் கைக்கு ஒண்ணும் வாங்கலையே, அதைத்தான் மனசு ஞாபகப்படுத்துது' என்று சமாதானம் செய்துகொண்டாள். வேறு யாரிடம் சொல்வது? கோட்டு பேசுகிறது என்றால் மாயவரத்திலிருந்து அப்பா ஓடிவந்து கையோடு அழைத்துப் போய்விடுவார். நார்வே போகிறோம் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. ஆர்க்குட்டில் வேறு போட்டாயிற்று. இனிமேல் போகவில்லை என்றால் மானம் போகும்.

கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. கணவன் ஜெயச்சந்திரன் ஹைடெக் சிட்டியில் புராஜெக்ட் மேனேஜர். முப்பத்தாறு வயதுவரை வேலையே கதி என்று இருந்துவிட்ட பிள்ளை என்று தரகர் சொல்லியிருந்தார். "எல்லாரும் ஸ்விஸ் போறாங்க, நாம நார்வே போவோம்" என்று டிக்கெட் போட்டது அவன்தான். ஆபீஸ் நண்பர் மனைவியுடையது என்று இந்தக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடமே எடுத்தான்.

"குடை வேண்டாம் சுபா, பெர்கன் ஊர்க் காத்துல கம்பி திருப்பிக்கும். மழைக்கோட்டுதான் சரி. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிடுவான், பால் ரொட்டியெல்லாம் முதல் நாளே வாங்கி வெச்சுக்கணும். புளிக்காய்ச்சல் எடுத்துக்கோ. ஊறுகாயை மட்டும் நல்லா ரெண்டு கவர் போட்டுக் கட்டு. தண்ணி பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணியே தேனா இருக்கும்."

"என்னங்க, போய்ட்டு வந்த மாதிரியே பேசறீங்க!"

"எல்லாம் நெட்ல படிச்சதுதான்மா. எனக்கும் இதுதான் முதல் தடவை."

"இந்தக் கோட்டுல கையுறை ஒண்ணுதான் இருக்கு."

அவன் அதை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "விடு, அங்க வாங்கிக்கலாம்."

பிறகு லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினான். மலையுச்சியில் துருத்திக்கொண்டிருந்தது ஒரு பாறை. கீழே அதலபாதாளத்தில் நீலமாகத் தண்ணீர் தெரிந்தது.

"போனதும் முதல்ல இங்கதான். விடிஞ்சும் விடியாம கிளம்பிடணும், கூட்டம் வந்துட்டா நல்லா இருக்காது."

"ஐயோ, ஒரு கம்பிகூட இல்லையே! பயமா இருக்காதா?"

"லூசு, நான் உன் பின்னாடியேதானே நிப்பேன்."

சுபாஸ்ரீக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. இப்படி ஒரு புருஷன் கிடைக்கத் தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கோட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"கைக்கு? கைக்கு?"

இந்தத் தடவை குரல் அழுதது. கோட்டை உதறிவிட்டு வாசலுக்கு ஓடியவள், பக்கத்து ஃப்ளாட் பூட்டைத் திறந்துகொண்டிருந்த ஒரு அம்மாள்மேல் போய் மோதினாள்.

அந்த அம்மாள் ஞானசௌந்தரி, சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. போலாரத்தில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார்.

"நீதான் புதுப் பொண்ணா? அரே, அழறே கைக்கு?"

சுபாஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னீங்க ஆன்ட்டி? கைக்கு என்ன?"

"ஐயே, உனக்குத் தெரியாதில்ல! கைக்குன்னா 'ஏன்'மா. இந்த ஊரு உருது. சிகந்திராபாத்துல பொறந்தவங்க தமிழ் பேசினாலும் நடுவுல அதுதான் வந்து விழும். அழுகையெல்லாம் நக்கோ, கண்ணைத் தொடை."

அப்படியென்றால் அந்தக் குரல் கையுறையைக் கேட்கவில்லை. ஏன், ஏன் என்று கேட்டிருக்கிறது. யாரை, எதற்கு? மானம் போனால் போகட்டும், பயணமே வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுவது என சுபாஸ்ரீ முடிவு செய்தாள்.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் விசா குத்திய பாஸ்போர்ட்டுகளோடு உற்சாகமாக வந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க, கோட்டைப் போட்டுக் காட்டு, தச்சது சரியா இருக்கான்னு பார்ப்போம்" என்றான்.

பயந்துகொண்டே போட்டாள். காதோரத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏங்க, நார்வே வேண்டாங்க. வேற எங்கயாவது போகலாமே."

"வேற எங்கயும் கிடையாது. அந்தப் பாறைக்கு நீ வந்தே ஆகணும்."

ஏன் என்று கேட்கத்தான் சுபாஸ்ரீ வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை.

"கைக்கு?"

காபி டம்ளர் தரையில் உருண்டது. ஜெயச்சந்திரன் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, கைகளைக் கூப்பினான்.

"அந்தப் பாறையிலேருந்து உன்னைத் தள்ளும்போதும் இதைத்தானே கேட்டே, கரோலின்!"