அஞ்சா அணியின் உள்ளுறை

“ஆடாதடா, ஊசி குத்திடும். ஒரு நிமிஷம் தோளைச் சும்மா வை.”

அக்கா சொன்னதைத் தம்பி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. இன்றைக்கு மட்டும் கேட்டுவிடுவானா? தையல் அறைக்கு நடுவில் நின்றுகொண்டு, கண்ணாடியில் தன் மார்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரமாக அவனுக்கான கவசம் நின்றது. ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம், அடுப்புக் கரியின் நிறம். அதற்குள் வைக்கும் உள்ளுறையைத் தைப்பது அவளுடைய வேலை.

“முதல் வீரன் கதை தெரியும்ல அக்கா? விண்கல நிலையத்து வாசல்ல மூணு நாள் ஒத்தை ஆளா நின்னான். சோறு இல்ல, தண்ணி இல்ல, கண் மூடல. ஒரு அடி பின்வாங்கல. அவனை வச்சுத்தான் இந்த அணியே உண்டாச்சு.”

“நீ சோறு பத்து நிமிஷம் தாமதமானாலே வீட்டை ரெண்டாக்குவ. உன்னை நம்பி வாசலை விட்டா விளங்கின மாதிரிதான்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். அஞ்சா அணியில் சேர்ந்தவன் ஏழு வருடம் முகமூடியைக் கழற்றக் கூடாது, வாய் திறந்து பேசக் கூடாது. அணி தொடங்கியே இன்னும் ஏழு வருடம் ஆகவில்லை, அதனால் திரும்பி வந்தவர் என்று யாரும் கிடையாது. அணிவகுப்பு போகும்போது எந்தக் கவசத்துக்குள் தன் பிள்ளை என்று தெரியாமல், பெற்றவர்கள் எல்லாக் கவசத்துக்கும் சேர்த்துக் கை தட்டுவார்கள்.

அவன் உடம்போடு ஒட்டியிருக்கப் போவது தன் தையலாக இருக்கட்டும் என்றுதான், இதுவரை வெளிப்பட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தவள் உள்வேலையைக் கேட்டு வாங்கினாள். உறவுக்காரர்கள் உள்ளுறை தைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இருந்தால் இருக்கட்டும், அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கதவு தட்டப்பட்டது. மருத்துவரின் உதவியாளர் எட்டிப் பார்த்தார். “கடைசிப் பரிசோதனை. வாங்க தம்பி.”

“ரொம்ப இறுக்கமா தைச்சுடாத,” என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தான் அவன். “அப்புறம் அரிச்சா சொறியக்கூட முடியாது.”

உள்ளுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் போனதும் அவள் வேலையில் மூழ்கினாள். அக்குளில் காற்றுக்கு ஓட்டை வைத்தாள். வேர்த்தால் அவனுக்குக் கழுத்து சிவந்துபோகும், அங்கே பழைய பஞ்சுத் துணி. வயிற்றருகே இரண்டு விரல் இடம் விட்டுத் தைத்தாள், தின்னிப் பயல் ஆயிற்றே.

தலைமைத் தையல்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னம்மா ஓட்டை?”

“காத்து வர்றதுக்கு ஐயா.”

“அடைச்சுடு. கழுத்துல இந்தப் பஞ்சு எதுக்கு?”

“வேர்க்கும்ல ஐயா.”

“வேர்க்காது. எடுத்துடு. வயித்தையும் பிடிச்சுத் தை. எல்லாத்துக்கும் மேல மெழுகுத் துணி வச்சு, தையல்ல பசை பூசிடு. பொட்டுக் காத்து உள்ள போகக் கூடாது.”

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “மூச்சு முட்டிச் செத்துப்போவான் ஐயா. யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும் பிள்ளைதானே? ஒரு முழம் துணியில மிச்சம் பிடிச்சு என்ன கோட்டை கட்டப் போறாங்க?”

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தாழிட்டார்.

“உள்வேலைக்கு நீ புதுசு. புதுசா வந்தவங்ககிட்ட ஒரு தடவை சொல்லித்தான் ஆகணும். வெளியே தெரிஞ்சா நீயும் இல்ல, நானும் இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முதல் வீரனோட கவசத்தைத் திறந்தவங்கள்ல நானும் ஒருத்தன். அவன் மூணு நாள் நிக்கலம்மா. முதல் நாள் வெயில் ஏறுறதுக்குள்ளயே குண்டு பட்டுப் போய்ச் சேர்ந்துட்டான்.”

“அப்போ மூணு நாள் நின்னது யாரு?”

“கவசம். அது பாட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கு. உள்ளே அவன் இருந்தவரைக்கும்தான் அதுக்குத் தொந்தரவே. தண்ணி கேட்டிருக்கான், பயந்து பின்னால இழுத்திருக்கான், வீட்டுக்குப் போகணும்னு அழுதிருக்கான். எல்லாம் அதுல பதிவாகி இருந்துச்சு. அவன் போனப்புறம் ஒரு அடி பின்வாங்கல. மேல இருக்கிறவங்க அதைப் பார்த்துட்டாங்க.”

அவளுக்குக் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

“அப்படின்னா வெறும் கவசத்தை அனுப்ப வேண்டியதுதானே ஐயா. ஆள் எதுக்கு?”

“ஆள் இல்லாத எந்திரம் போர்ல இறங்கக் கூடாதுன்னு எல்லா நாடும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கே. உள்ளே ஒரு மனுஷன் இருக்கணும்னு அதுல எழுதியிருக்கு.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தேநீரை எடுத்துக்கொண்டார். “உயிரோட இருக்கணும்னு எழுதல.”

அவள் பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தபோது, வாசலில் மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“உள்ளுறை ஆச்சாம்மா? ஆள் தயார்.”