தோடு போட்டபடி ஒரு படம்

அடகுக்கடைக் கம்பித் தடுப்பின் மேல் புதுக் கேமரா ஒன்று காக்கையைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்று முதல் எது அடகுக்கு வந்தாலும், பொருளின் படமும் அதைக் கொண்டுவந்தவரின் படமும் கையோடு போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த சிவப்புக்கல் தோட்டைக் கடைக்காரர் வெள்ளைத் தாளில் வைக்கிறார். “சுவரோரமா நில்லுங்கம்மா. நேரா பாருங்க. சிரிக்கக் கூடாது.” பஸ் ஓட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள் அவள், சீருடைக் கையில் கிரீஸ் கறை. பெஞ்சில் காத்திருப்பவர்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். “ஏண்ணே, திருடி மாதிரியா நிக்கணும்?” “சட்டம்மா. நான் என்ன பண்றது?” “சட்டத்தை யாரு வேணாம்னா? எடுங்க, நல்லா எடுங்க.” கம்பிக்குள் கைவிட்டுத் தோட்டை எடுக்கிறாள். கண்ணாடி தேவைப்படவில்லை, காதின் துளை விரலுக்குத் தெரிகிறது. திருகாணி இரண்டும் இறுகுகின்றன. ஜன்னல் வெயில் கல்லில் பட்டு அவள் கழுத்தில் சிவப்பாகச் சிதறுகிறது. “பொருள் தனியா, ஆள் தனியா எடுக்கணும்மா.” “அப்புறம் தனியாவும் எடுத்துக்குங்க. முதல்ல இப்படி ஒண்ணு. இது யாரு காதுலேருந்து வந்துச்சுன்னு அவங்களும் பாக்கட்டும்.” சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள், பல் தெரிய. கடைக்காரரின் விரல் பொத்தான் மேல் தயங்குகிறது, பிறகு அழுத்துகிறது. பெஞ்சில் அடுத்த ஆளாக உட்கார்ந்திருக்கும் பெரியவர், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கடிகாரத்தைப் பிரித்தெடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்.